மைனியின் உல்லன் சட்டை

ஜனவரி 7, செவ்வாய்

டயாலிசிஸ் முடிந்து மைனியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆட்டோவில் ஏறியதிலிருந்து அவர்களுக்குப் பல் தந்தியடித்தது. மார்கழியிலும் கோவில்பட்டியில் மதிய வெயில் சுள்ளென்றுதான் அடிக்கிறது. ஆட்டோக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து இரண்டு போர்வை போர்த்தியும் நடுக்கம் அடங்கவில்லை.

டயாலிசிஸ் அறையில் ஏசியைக் குறைக்கவே மாட்டார்கள். உடம்பு ரத்தம் மெஷினுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் ஆறிவிடுகிறது, அதனாலும் குளிரும் என்று அங்கே ஊசி குத்துகிற இந்துஜா சொன்னாள். கடையில் வாங்கின ஸ்வெட்டர் உதவவில்லை. இடது கையில்தான் இரண்டு ஊசியும் போடவேண்டும். கையைச் சுருட்டிவிட்டால் இறுக்குகிறது, கழற்றினால் குளிர்.

"நானே ஒண்ணு பின்னித் தரட்டா மைனி?" என்றேன். போர்வைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"பின்னு. ஆனா வெள்ளை மட்டும் வேண்டாம்ட்டி."

மைனியின் புருஷன் கமால் மச்சான் மவுத்தானதிலிருந்து வெள்ளைச் சேலைதான் கட்டுகிறார்கள். என் வீட்டுக்காரர்தான் அவர்களுக்குத் தம்பி; தம்பி வீடு என்று எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் வெள்ளைச் சேலையோடுதான் வந்தார்கள். அது பிடிக்காமல்தான் கட்டுகிறார்கள் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஜனவரி 10

பீரோவுக்கு மேலிருந்த சாக்கை இறக்கினேன். நிலைக்கதவுத் தோரணம், டிவி கவர், மகள் ஜன்னத்தின் பள்ளிக்கூடப் பை என்று இத்தனை வருஷம் பின்னியதில் மிஞ்சிய உல்லன் நூல். எதுவும் ஒரு சட்டைக்குக் காணாது. அதனால் சின்னச் சின்னச் சதுரமாகப் பின்னி ஒட்டுப்போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். நடுவில் ஒரு வளையம், அதைச் சுற்றி மூன்று மூன்றாகக் கண்ணி, நான்கு மூலை. இந்தக் கொக்கி ஊசி கையிலிருந்தால் எனக்கு வேறு யோசனை ஓடாது.

மைனி கட்டிலில் உட்கார்ந்து நூல் உருண்டைகளைத் தரம் பிரித்தார்கள். மிளகாய்ச் சிவப்பும் வாடாமல்லியும் பக்கத்தில் பக்கத்தில் வரவேண்டுமாம். கிளிப்பச்சை நிறைய வேண்டுமாம். சாம்பல் நிறத்தைத் தூக்கிக் கீழே போட்டுவிட்டார்கள்.

ஜனவரி 18, சனி

ஊசி போட்டிருக்கிற நேரம் முழுக்க அந்தக் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பின்னினேன். பக்கத்துக் கட்டிலில் கழுகுமலை வெயிலுகந்தம்மாள். தீப்பெட்டி ஆபீசில் இருந்தவர். மைனியை 'பாயம்மா' என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பேரும் பேசுவதெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளந்து கொடுத்திருக்கிறார்கள். வெயிலுகந்தம்மாள் ஐஸ்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொள்வாராம். மைனி எலுமிச்சைத் துண்டை நக்கிக்கொள்வார்கள்.

"ஒரு செம்புத் தண்ணிய அண்ணாந்து மடக்கு மடக்குன்னு குடிச்சு எத்தனை நாளாச்சு பாயம்மா" என்றார் வெயிலுகந்தம்மாள். மைனி என் மடியில் கிடந்த சதுரங்களை எடுத்து அவருக்குக் காட்டினார்கள்.

ஜனவரி 30

முதுகுப் பக்கம் முடிந்தது. நூல் முனைகளை உள்ளே ஒளிக்கிற வேலைதான் பின்னுவதைவிடப் பெரிதாக இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

வாசலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மா வந்து யாருக்கு என்றார். மைனிக்கு என்றதும் முகத்தைச் சுளித்தார். புருஷன் போனவளுக்கு இம்புட்டுக் கலரா, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்றார். உள்ளே மைனிக்குக் கேட்டிருக்கும். எனக்குத்தான் முகம் சுருங்கியது. மைனி உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்கள்: "ஆசிபா, கழுத்துக்கு அந்த மஞ்சளப் போடு."

இவரிடம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். சிரித்தார். அக்கா சின்ன வயதில் இப்படித்தான், வாப்பா எடுத்துவந்த பெருநாள் துணி மங்கலாக இருந்தால் அழுது திருப்பிக் கொடுக்க வைத்துவிடும் என்றார். உம்மா இல்லாத வீட்டில் அக்காதான் இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அக்காவைப் பற்றிப் பேசினால் இவருக்கு வயது குறைந்துவிடும். இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 16

கிறுக்கு மாதிரி ஒரு வேலை செய்துவிட்டேன். ஊசி போட வசதியாகத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை கையைத் திறந்து பொத்தான் வைக்கவேண்டும். பின்னி முடித்துப் போட்டுப் பார்த்தால் — வலது கை! மைனி சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "அந்தக் கையிலயும் ஒரு ஓட்டை போடச் சொல்லுதியோ" என்றார்கள். முழுக்கப் பிரித்தேன். பிரிக்கிறபோது நூல் சுருள் சுருளாக வந்து என் காலடியில் குவிந்தது. சிரிப்பு எனக்கும் வந்தது.

பிப்ரவரி 22, சனி

மைனியின் இடது கையில் ஆபரேஷன் பண்ணிச் சேர்த்து வைத்த நரம்பு எப்போதும் துடித்துக்கொண்டிருக்கும். காதை வைத்தால் வண்டு சத்தம் கேட்கும். காலையில் தொட்டுப் பார்த்தேன். இல்லை. காதை வைத்தேன். இல்லை.

இந்துஜாவும் தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அடைத்துவிட்டதாம்.

மார்ச் 2

மதுரைக்குப் போய் நாலைந்து நாள் கிடந்தோம். அடைப்பை எடுக்க முடியவில்லை. ரத்தம் போய்வரக் கழுத்தில் குழாய் போட்டு அனுப்பினார்கள். இன்று முதல் நோன்பு. நோன்புக் கஞ்சியின் வாசனை தெருவில் வருகிறது. மைனிக்கு நோன்பு கிடையாது. ஆனாலும் பாங்கு சொல்லும்வரை ஒன்றும் வேண்டாம் என்று படுத்திருந்தார்கள்.

கழுத்தில் குழாய் வந்தபிறகு இடது கைத் திறப்புக்கு வேலை இல்லை. தைத்து மூடிவிடட்டுமா என்று கேட்டேன். "கெடக்கட்டும், நல்லாத்தான இருக்கு" என்றார்கள். மஞ்சள் கழுத்துப் பட்டியை மட்டும் பிரித்து, குழாயில் உரசாதபடி கீழே இறக்கிப் பின்னுகிறேன்.

மார்ச் 11

மைனிக்குக் காய்ச்சல். குழாய் வழியாகச் சீழ் பிடித்திருக்கிறது. வாசிமிடம் போனில் சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார்கள். அவன் சவூதியில், தம்மாமில். மைனி பெற்ற மகன்தான், ஆனால் அங்கே வேலைக்குப் போனபிறகு ஒரே ஒரு தடவைதான் வந்தான்.

மார்ச் 13

டாக்டர் என்னையும் இவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கழுத்துக் குழாயை எடுத்துத் தொடையில் போட்டுப் பார்க்கலாம். அதற்குத் திரும்ப மதுரை. ஆனால் இதயம் ரொம்பப் பலவீனமாக இருக்கிறது. மேஜையிலேயே போகவும் வாய்ப்பு உண்டு. போட்டாலும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. இவர் உடனே, போடுவோம் சார் என்றார். டாக்டர் வாய் மூடுவதற்கு முன்பே சொன்னார்.

மார்ச் 15

இதை எழுதவே கை வரவில்லை.

இன்று இவர் கடைக்குப் போனபிறகு மைனி என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னார்கள். நான் சதுரங்களைக் கோத்துக்கொண்டிருந்தேன். ஊசியைக் கீழே வை என்றார்கள்.

"மதுரைக்கு நான் வரல புள்ள. இந்த மெஷினுக்கும் இனிமே போவல."

நான் ஏதோ சொன்னேன். தேறிவிடும், அது இது என்று. என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை.

"பயமில்லன்னு சொல்ல மாட்டேன். பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தக் குளுருக்குள்ள, மேல எரியிற லைட்டப் பாத்துக்கிட்டு, மவுத்தாயிரக் கூடாதுன்னு இருக்கு. இங்கன கிடந்து போறேன். நீ பக்கத்துல இரி."

பிறகு கேட்டார்கள்: "சிராசுகிட்ட நீதாம் சொல்லணும். நான் சொன்னா அவன் அழுதே என்னையக் கொண்டுபோய்ப் படுக்க வச்சிருவான்."

நான் எப்படிச் சொல்லுவேன்? வளர்த்தவளை விட்டுவிடு என்று எந்த வாயால் சொல்லுவேன்?

மார்ச் 16, ஞாயிறு

சொல்லவில்லை.

மார்ச் 17

நோன்பு திறந்து, மக்ரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தார். சொன்னேன். மைனி என்னிடம் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"எங்க அக்காவ வச்சுப் பாக்க ஒனக்குச் சலிச்சுப் போச்சுன்னு சொல்லு."

கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருக்கலாம்.

சலித்துப்போச்சா எனக்கு? செவ்வாய், வியாழன், சனி, காலையில் ஆட்டோ, மதியம் ஆட்டோ, வாந்தி, நடுக்கம் — சலித்த நாள் இல்லை என்று அல்லாஹ்மேல் ஆணையாகச் சொல்ல முடியுமா என்னால? முடியாது. ஆனா இன்னைக்கு நான் சொன்னது அதனால இல்ல. இல்லவே இல்ல. அவிய கேட்டதைத்தான் சொன்னேன். அவிய கேட்டது எனக்கும் சரின்னு பட்டுச்சு. அதுவும் உண்மைதான்.

உள்ளே மைனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

இவர் ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார். அக்கா, ஏறு என்றார். மைனி தம்பி முகத்தைப் பார்த்துவிட்டு ஏறினார்கள். வழியில் என்னிடம் சொன்னார்கள், இன்னைக்கு ஒரு நாள் அவனுக்காக. கட்டிலில் படுத்ததும் வெயிலுகந்தம்மாளிடம், நாளை மறுநாள் நான் வரமாட்டேன் என்றார்கள். அவர் எழுந்திருக்க முடியாமல் படுத்தபடியே கையை நீட்டினார். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் கை எட்டவில்லை. நான்தான் ஸ்டூலை நகர்த்திவிட்டு, மைனியின் கட்டிலைக் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தேன்.

மார்ச் 19

மைனியே வாசிமிடம் போனில் பேசினார்கள். அவன் அழுதது எனக்கு வெளியே கேட்டது. பிறகு என்னிடம் கொடுக்கச் சொன்னான். "நான் வாரது வரைக்கும் நிறுத்தாதீங்க மாமி, உங்க கால்ல விழுதேன்" என்றான். பெருநாள் முடிந்துதான் லீவு தருவார்களாம். "உங்க உம்மாகிட்டயே கேளு வாப்பா" என்றேன். போனை வைத்துவிட்டான்.

இவர் பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்தைப் பார்த்தார். அங்கிருந்து டாக்டரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்ததும் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். மூச்சு முட்டினால் கொடுக்கிற மருந்து அவர் கையிலிருந்த பையில் இருந்தது. அதை என் கையில் தராமல் அலமாரியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

மார்ச் 20, வியாழன்

ஆட்டோ வரவில்லை. காலை முழுக்க இரண்டு பேரும் வாசல் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

மார்ச் 23

பின்னுகிறேன், கோக்கிறேன், பின்னுகிறேன். நோன்பு வைத்துக்கொண்டு கண் இருட்டுகிறது. மைனி அவசரப்படுத்தவில்லை. ஆனால் விழித்திருக்கும்போதெல்லாம் என் கையைத்தான் பார்க்கிறார்கள். கால் வீங்கிவிட்டது. முகம் உப்பிவிட்டது. ஜன்னத் பாளையங்கோட்டை ஹாஸ்டலிலிருந்து வந்துவிட்டாள். அத்தைக்குக் கால் அமுக்கிக்கொண்டு பாட்டுப்போட்டிக் கதையெல்லாம் சொல்லுகிறாள்.

மார்ச் 25

முடித்துவிட்டேன்.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜன்னத்தும் நானும் மைனியை எழுப்பி உட்காரவைத்துப் போட்டுவிட்டோம். வெள்ளைச் சேலைக்கு மேலே சிவப்பும் வாடாமல்லியும் கிளிப்பச்சையும் மயில்கழுத்தும். தோள் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. ஜனவரியில் எடுத்த அளவு அது. வாசலில் நாற்காலி போடச் சொன்னார்கள். தீயாய்க் கொளுத்துகிற வெயிலில் உல்லன் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதும் கை சில்லென்றுதான் இருந்தது. எதிர்வீட்டு அம்மா வந்தார். சட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு மைனி தண்ணீர் கேட்டார்கள். நான் எலுமிச்சையை எடுக்கப் போனேன்.

"அது இல்ல. செம்புல கொண்டா."

கொண்டுவந்து கொடுத்தேன். பானைத் தண்ணீர். அண்ணாந்து குடிக்க முடியவில்லை; வாய் வைத்துக் குடித்தார்கள். நிறுத்தி மூச்சு வாங்கி, திரும்பக் குடித்தார்கள். தாடையில் வழிந்து மஞ்சள் பட்டி நனைந்தது. நான் துடைக்கவில்லை.

இவர் அந்த நேரத்தில் கடையிலிருந்து வந்தார். செம்பையும் என்னையும் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டார்.

மார்ச் 28, வெள்ளி

மூச்சு வாங்குகிறது. மருந்து கொடுத்தால் கொஞ்சம் அடங்குகிறது. இவர் இன்று கடை திறக்கவில்லை. அக்காவின் காலடியில் உட்கார்ந்து யாசீன் ஓதுகிறார். என்னோடு பேசவில்லை. மைனி கண்ணைத் திறந்து, "ஆசிபாவ ஒண்ணும் சொல்லாத" என்றார்கள். அவர் ஓதுவதை நிறுத்தவில்லை.

மார்ச் 29, சனி

விடியற்காலை சுபுஹு பாங்கு சொல்லி முடித்த நேரம் மைனி மவுத்தாகிவிட்டார்கள். கை என் கையில் இருந்தது.

ஏப்ரல் 2

பெருநாள் வந்தது, போனது. யாரும் புதுத்துணி உடுத்தவில்லை.

சனிக்கிழமை மைனியைக் குளிப்பாட்ட வந்த பெண்கள் கத்தரிக்கோல் கேட்டார்கள். உடம்பு மடங்காது, போட்டிருப்பதை வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்றார்கள். நான் இடது கைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வெட்டாமலே வந்துவிட்டது. மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கழுத்தோரம் மருந்து நெடி அடித்தது.

அன்று மாலை அஸருக்கு அடக்கம். வாசிம் மறுநாள் வந்து சேர்ந்தான். பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு உம்மா கட்டிலில் போய் உட்கார்ந்தான். நான் டீ கொடுத்தேன். வாங்கவில்லை. வந்து துக்கம் கேட்டவர்கள் முன்னால், "இன்னும் ரெண்டு நாள் மெஷின்ல வச்சிருந்தா முகத்தப் பாத்திருப்பேன். அதுக்குக்கூட விடல" என்றான். யாரைச் சொல்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். இவர் தலையைக் குனிந்துகொண்டார். இல்லப்பா, அப்படி இல்ல என்று ஒரு சொல். ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 12

வாசிம் போய்விட்டான். ஜன்னத்திடமும் அவன் மாமாவிடமும் சொல்லிக்கொண்டு போனான். என்னிடம் சொல்லவில்லை.

மதியம் பீரோவைத் திறந்தேன். மடித்து வைத்திருந்த உல்லன் சட்டை இல்லை. வாசிம் கேட்டிருந்தால் நானே துவைத்து, நல்ல பையில் போட்டுக் கொடுத்திருப்பேன். துவைக்காததும் நல்லதுதான் என்று பிறகு தோன்றியது.

மே 6

இவர் மதியச் சாப்பாட்டுக்கு வருவதில்லை. கடையிலேயே பார்சல் வாங்கிச் சாப்பிடுகிறார். வேண்டியதை மட்டும் பேசுகிறோம். கேஸ் தீர்ந்தது. பால் வந்தது. மகள் போன் பண்ணினாள்.

ஜூலை 19

பின்ன உட்கார்ந்தேன். நாலு கண்ணி போட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 4

மைனி கட்டிலை மாடிக்கு ஏற்றவா என்று கேட்டேன். கிடக்கட்டும் என்றார். இந்த மாதத்தில் அவர் எனக்குச் சொன்ன நீளமான பதில் அதுதான்.

அக்டோபர் 25, சனி

காலையிலிருந்தே மழை. கரிசல் மண் வாசம் ஊருக்குள் வரைக்கும் வந்துவிட்டது. தெருவில் நடந்தவர்கள் செருப்பெல்லாம் களி அப்பிக் கனத்துக் கிடந்தது.

மதியம் மூன்று மணி இருக்கும். வாசலில் பைக் சத்தம். இந்த நேரத்தில் இவர் வருவதே இல்லை. என்னவோ ஏதோ என்று எழுந்து போனேன். முழுக்க நனைந்து நின்றார். துண்டைக் கொடுத்தேன். தலையைத் துவட்டாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு மைனி கட்டிலில் உட்கார்ந்தார்.

கேட்காமலே சொன்னார். காலையில் வெயிலுகந்தம்மாள் கழுகுமலை பஸ்ஸிலிருந்து இறங்கி, மழைக்கு இவருடைய செருப்புக்கடையில் ஒதுங்கியிருக்கிறார். இவருக்கு அவரை யாரென்று தெரியவில்லை. அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது — பாயம்மா தம்பிதான நீங்க என்று கேட்டிருக்கிறார். கூட வரவேண்டிய மகன் வேலைக்குப் போய்விட்டானாம். தனியாக நடக்க முடியவில்லை. இவர் கடையைச் சாத்திவிட்டு ஆட்டோ பிடித்து டயாலிசிஸுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். வாசலோடு திரும்பப் பார்த்தவரை, கூட ஆள் இருந்தால்தான் ஊசி போடுவோம் என்று இந்துஜா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டாள். நான்கு மணி நேரமும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். எத்தனையோ தடவை எங்களைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார், கூப்பிட வந்திருக்கிறார். கதவுக்கு உள்ளே போனது இதுதான் முதல் தடவை.

ஊசி எவ்வளவு பெரிது என்று விரலால் காட்டினார். பாதியில் அந்த அம்மாளுக்குக் காலைச் சுண்டி இழுத்ததாம். எப்படிப் பிடித்துவிடுவது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

"உள்ள அம்புட்டுக் குளுருது ஆசிபா."

என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை மாதமாகிறது.

துண்டை அவர் கையிலிருந்து வாங்கித் தலையைத் துவட்டிவிட்டேன். சின்னப்பிள்ளை மாதிரிக் குனிந்து கொடுத்தார். தோள் குலுங்கியது. குலுங்கி அடங்கும்வரை துவட்டிக்கொண்டே இருந்தேன்.

பிறகு சோறு இருக்கா என்று கேட்டார். இருந்தது. ரசத்தைச் சுடவைத்து ஊற்றினேன்.